குடும்ப தினத்துக்கு ஒரு சித்தி

திருப்பதியில் குடியிருந்தும் தன் வாசலை ஒரு சொந்தக்காரன்கூட மிதிக்காத மனிதன் பூவுலகில் ஒருவனே உண்டு என்றும், அந்த ஒருவன் தானே என்றும் இன்பசேகரன் கேன்டீனில் அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. டில்லிக்குப் போய்ப் பதக்கம் வாங்கி வந்தவன் போலச் சொன்னான்.

எதிரே நாகபூஷணம் உப்புமாவை அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் குப்பம் ஊர் மாமா குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். மத்தியானம் அவர்களை ஊருக்கு பஸ் ஏற்ற வேண்டும். அவன் சோதிக்க வேண்டிய டிவிப் பெட்டிகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நீதான்டா பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன். போன வாரம் உங்க அத்தை. அதுக்கு முன்னால தம்பியோட மச்சான். நீ வேலை செய்யறது கம்பெனியிலயா, சத்திரத்துலயா?"

"சாமி இருக்கிற ஊர்ல இருந்தா வரத்தான் செய்வாங்க. உனக்கு என்னப்பா, வேதக்காரன். மலையேற யாரும் வரமாட்டாங்க."

"அதான்டா கர்த்தர் எனக்குக் குடுத்த கிருபை. உன்னை பஸ் ஸ்டாண்டுல பாத்தேனே! பையைத் தூக்கினு போய், ஜன்னலைப் புடிச்சினு, 'போனதும் கார்டு போடு அத்தே'ன்னு... பஸ் போனப்புறமும் கையை ஆட்டிகினு. கண்ராவி."

நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நாகபூஷணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்வது சிரமம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் இன்பசேகரனுக்குப் போக்கிடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் போய் ஒரு டீ குடித்து, பெயர்ப்பலகைகளைப் படித்து, யாரோ யாரையோ வழியனுப்புவதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புவான்.

ரேணிகுண்டா சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கியது தரங்கிணி எலக்ட்ரானிக்ஸ். ஊரெல்லாம் டிவி கேட்க ஆரம்பித்ததும் கொட்டகை வளர்ந்தது. கேன்டீன் வந்தது, வருகை நேரத்தை அச்சடிக்கும் மிஷின் வந்தது, கடைசியாகப் பெங்களூரிலிருந்து மானேஜர் கோவர்த்தனன் வந்தார். அவர் கொண்டுவந்த சரக்கு ஒன்றே ஒன்று: குடும்பம்.

"இது கம்பெனி இல்ல, குடும்பம்" என்பார். ஓவர்டைம் கேட்டால், "குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்கலாமா?" என்பார். எந்தக் கூட்டத்தையும் "எங்கம்மா அடிக்கடி சொல்லுவாங்க" என்றுதான் தொடங்குவார். அந்த அம்மா சொல்லாத விஷயம் உலகத்தில் இல்லை. சால்டரிங் பற்றிக்கூடச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் அவர் குடும்ப தினம் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை விழா, விருந்து. ஒவ்வொருவருக்கும் இரண்டு நாற்காலி. இரண்டிலும் பெயர் ஒட்டியிருக்கும். ஒன்று ஊழியருக்கு, மற்றது அவர் வீட்டு மனிதருக்கு.

"உங்க சார்பா யாரு, இன்பசேகரன்?"

யாருமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். தன் பெயர் ஒட்டிய நாற்காலி ஊர் பார்க்கக் காலியாகக் கிடப்பது கண்ணில் வந்தது. பக்கத்தில் நாகபூஷணம் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க அக்கா சார்."

அன்று சாயங்காலமே சித்தூருக்கு பஸ் ஏறினான். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வா என்று அவன் கூப்பிட, அக்கா எலிசபெத் கதவைப் பிடித்தபடியே சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையா? எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகைடா. பூசணிக்காய் ஏலம் நான்தான் விடணும். நீயே வாயேன், பிரியாணி துன்னுட்டுப் போலாம்."

"அப்ப அந்த நாற்காலி?"

"எந்த நாற்காலி?"

"ஒண்ணுமில்லக்கா."

மறுநாள் மானேஜரிடம் போய், அக்காவுக்கு வர முடியாது என்றான். அவர் முகம் வாடிவிட்டது. சொந்த அக்காவே வர மறுத்தது போல அவர் வருந்தியதைப் பார்க்க இவனுக்குப் பாவமாக இருந்தது.

"ஆனா சித்தி வராங்க சார். பலமனேர் சித்தி" என்றான்.

பலமனேரிலிருந்து வருவதாக அவன் அறிந்தது தக்காளி மட்டும்தான்.

"பேஷ்! சித்தின்னா அம்மா மாதிரி. முன்வரிசையில எங்கம்மா பக்கத்துலயே உட்கார வச்சிடலாம்."

பின்வரிசையில் காலியாகக் கிடக்கவேண்டிய நாற்காலி இப்படி முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சித்திக்கு ஜுரம் என்று சொல்ல ஒத்திகை பார்த்தபடி கம்பெனிக்கு நடந்தான். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு யாத்திரை பஸ் ஆக்ஸில் உடைந்து ஒருக்களித்து நின்றது. மலையிலிருந்து இறங்கிய சத்தியவேடு பக்கத்து ஜனங்கள். புளியமரத்தடியில் புது மொட்டைகள் சந்தனம் பூசி ஆறிக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு அம்மாள் தனியே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, இங்க தண்ணி கிடைக்குமா?"

"தண்ணி என்னம்மா, பாயசத்தோட சாப்பாடே கிடைக்கும். கொஞ்ச நேரம் எனக்கு சித்தியா இருக்கணும்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சித்தியா இருந்து என்ன பண்ணணும்?"

"நாற்காலியில உட்காரணும்."

"அவ்ளோதானா? எங்க ஊர்ல சித்தின்னா சேத்துல எறங்கி நாத்து நடணும்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பஸ் கெளம்பறதுக்குள்ள கொணாந்து வுட்டுடு. எங்க நாத்தனார் வேற எங்கியோ போய்ட்டா. வந்து தேடுவா. எம் பேரு செல்லியம்மா. காலைல எதுனா துன்னியா?"

"இல்ல. ஏன்?"

"சித்தின்னா கேக்கணும் இல்ல."

கொட்டகைக்குள் நுழைந்ததும் நாகபூஷணத்தின் பார்வை அவள் தலையில் நிலைத்தது.

"டேய், உங்க சித்தி வேதக்காரங்கதானே? மொட்டை போட்டிருக்காங்க!"

"டைபாய்டு. முடி கொட்டிப்போச்சி."

"சந்தனம்?"

"சூட்டுக்கு. டாக்டர் தடவச் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"ஜெர்மன்காரர்."

டைபாய்டு என்ற சொல் கொட்டகையைச் சுற்றி வந்தது. நாற்காலிகள் ஓசையில்லாமல் நகர்ந்தன. மானேஜரின் அம்மா மட்டும் நகரவில்லை. மடிப்புக் கலையாத பட்டுப்புடவையின் முந்தானையைத் தலைக்கு முக்காடாகப் போட்டு உட்கார்ந்திருந்தவர், செல்லியம்மாவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்லியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய இடத்து மரியாதை என்று இன்பசேகரன் நினைத்தான்.

டைபாய்டு மானேஜர் காதுக்கும் போயிற்று. அவர் உருகி மைக்கைப் பிடித்தார்.

"கொடிய ஜுரத்துலேர்ந்து பிழைச்சு வந்திருக்காங்க இன்பசேகரனோட சித்தி. சாப்பாட்டுக்கு முன்னால அவங்க முறைப்படி ஒரு ஜெபம் சொல்லுவாங்க."

இன்பசேகரன் அவசரமாகக் குனிந்தான். "கண்ணை மூடிக்கினு மெதுவா எதையாவது சொல்லுங்க" என்று அவள் காதில் கெஞ்சினான்.

செல்லியம்மா கண்ணை மூடினாள். மெதுவாக என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

"ஏடுகொண்டலவாடா! வெங்கடரமணா! கோவிந்தா, கோவிந்தா!"

கொட்டகை மொத்தமும் எழுந்து "கோவிந்தா" என்றது. எல்லோரிலும் உரக்கச் சொன்னவர் மானேஜரின் அம்மாதான். இரண்டு கையையும் தூக்கியதில் முக்காடு நழுவப் பார்த்தது. மானேஜர் பாய்ந்து அதைப் பிடித்துச் சரிசெய்தார்.

"அம்மாவுக்கு ஜலதோஷம். தலையில காத்து படக்கூடாது."

நாகபூஷணம் மெல்ல அருகில் வந்தான். "இதாடா உங்க ஜெபம்?"

"பலமனேர் சபை கொஞ்சம் வேற மாதிரி."

பந்தியில் எல்லோருக்கும் இலை விழுந்தது. செல்லியம்மாவுக்குக் கிண்ணத்தில் கஞ்சி வந்தது. டைபாய்டு கண்டவர்களுக்குப் பாயசம் ஆகாது என்று கேன்டீன்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நைனா, பாயசம்னு சொன்னியே?"

இன்பசேகரன் தன் இலையை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். அவள் பாயசத்தில் பாதியைக் கஞ்சிக்கு மேலேயே ஊற்றினாள்.

"நீயும் துன்னு. கன்னம் ஒட்டிப்போயிருக்குது. தனியா பொங்கித் துன்றியா?"

"ஆமா."

"அதான்."

கஞ்சியும் பாயசமும் கலந்தால் வாயில் வைக்க முடியாது. அவன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். தான் சாப்பிடுவதை ஒருவர் உட்கார்ந்து பார்த்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தான். விடை கிடைக்காததால் யோசிப்பதை நிறுத்திவிட்டான்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஆக்ஸில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாம்.

செல்லியம்மாவின் துணிப்பையை அவனே தூக்கிக்கொண்டான். ஆபீஸ் அறையைக் கடக்கும்போது உள்ளே மானேஜரின் குரல் கேட்டது. "இதாம்மா நான் உட்கார்ற இடம். இந்த ஃபேன் சத்தம் போடும். ராத்திரி எல்லாரும் போனப்புறம் நல்லா கேக்கும்." அந்த அம்மாள் "அப்படியா கண்ணு, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்து வைத்த மனுஷன் என்று இன்பசேகரன் பெருமூச்சு விட்டான்.

பஸ்ஸில் ஜன்னலோரமாக அவளுக்கு இடம் பிடித்தான். கீழே இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போனதும் ஒரு கார்டு போடு சித்தி."

"எனக்கு எழுத வராதே, நைனா."

"யாரையாவது எழுதச் சொல்லு. கம்பெனி விலாசத்துக்குப் போடு. சேந்துட்டேன்னு ஒரு வரி போதும்."

இன்ஜின் உறுமியது. அவன் நாலடி பின்னால் நகர்ந்தான். கை தானாக உயர்ந்து ஆட ஆரம்பித்தது. வெகுநேரம் ஆட்டிய பிறகுதான், பஸ் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்பது அவனுக்குத் தெரிந்தது. செல்லியம்மா ஜன்னலுக்கு வெளியே மொட்டைத் தலையை நீட்டினாள்.

"கையை அப்பறம் ஆட்டலாம், நைனா. ஓடிப்போய் உங்க மானேஜர் கைல சொல்லு, அம்மாவா இருந்தது போதும், எங்க நாத்தனாரை அனுப்பச் சொல்லு."