காமிரா நேரம்

2006 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. காலை மணி 7.12. பூனாகலைத் தோட்டத்துக் கோயிலில் தூறல். மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றது. மாப்பிள்ளை தாலி கட்டினார், நான் படம் எடுத்தேன். இதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆனால் என் காமிரா அதை 7.42 என்று எழுதி வைத்துக்கொண்டது. அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பதுளையில் நான் ஸ்டூடியோ நடத்தினேன். முதல் டிஜிட்டல் காமிராவை அந்த ஜனவரியில் வாங்கினேன். கடைக்காரர் நேரமெல்லாம் சரியாக வைத்துத்தான் கொடுத்தார். ஏப்ரலில் அரசாங்கத்துக்கு என்ன தோன்றியதோ, பத்து வருஷத்துக்கு முன் தானே முன்னுக்குத் தள்ளி வைத்த நாட்டின் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு இழுத்தது. (ஒரு நாட்டின் நேரம் என்ன ஜன்னல் திரையா, இழுத்து இழுத்து விளையாட?) நான் எதையும் எண்ணி வைக்கிறவன். வீட்டிலும் கடையிலுமாக ஏழு கடிகாரங்கள். ஏழையும் அன்றே திருத்தினேன். காமிராவின் வயிற்றுக்குள் எட்டாவது ஒன்று ஓடுகிறது என்று எவனும் சொல்லவில்லை.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பெண்ணின் தகப்பனார் தியாகராஜா, தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கர், கல்யாணம் முடிந்த மறுவாரம் கடைக்கு வந்தார்.

"அண்ணே, கொழும்புல என் மச்சான் சொல்றான், டிஜிட்டல் படத்துக்குள்ள எல்லா விவரமும் இருக்காமே? எப்ப எடுத்தது, எப்படி எடுத்ததுன்னு?"

"இருக்குங்க. மெட்டாடேட்டான்னு சொல்லுவாங்க."

"அப்ப அதையும் குடுங்க. காசு குடுக்கறது நாங்கதானே? அதுவும் நம்ம ஆளுங்க படிக்கிற மாதிரி குடுங்க."

படிக்கிற மாதிரி! அந்தச் சொல்லில் விழுந்தேன். வேறு எந்த ஸ்டூடியோக்காரனும் செய்யாததைச் செய்யப்போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் கொத்துக் கொத்தாகக் கிடந்த எண்களை எடுத்து, இருநூற்றுப் பதினான்கு படங்களுக்கும் நல்ல தமிழில் குறிப்பு எழுதி, படத்தின் கீழேயே அச்சடித்தேன். மாதிரிக்கு ஒன்று, தாலி கட்டும் படம்:

"படம் 61. எடுத்த நேரம்: காலை 7.42. ஒளி புகுந்த நேரம்: ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. லென்ஸ் தூரம்: 35 மில்லிமீட்டர். பிளாஷ்: எரிந்தது."

7.42 என்று என் கையாலேயே டைப் செய்தேன், ஐயா! பஞ்சாங்கம் பார்க்காமல் பல் துலக்காத குடும்பத்தில் பிறந்தவன். ராகு காலம் தலையில் தட்டவில்லை. ஒளி புகுந்த நேரத்தை எப்படித் தமிழாக்குவது என்ற யோசனையில் மிதந்துகொண்டிருந்தேன்.

என் மனைவி பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாருங்க படிக்கப்போறாங்க?" என்றாள்.

"படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க" என்றேன் மிடுக்காக.

மொனராகலையில் ஒருவர் படித்தார். மாப்பிள்ளையின் தாயார் பாக்கியம் அம்மா. அங்கே சீலைக்கடை வைத்திருப்பவர். கல்யாணத்தன்று கொஸ்லந்தைப் பக்கம் பனியில் அவர்களுடைய வேன் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில், முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷத்துக்கு முன்தான் தாலி ஏறியது. அதுவரை அந்த அம்மா, "சாமி, நேரம் இருக்கா? இருக்கா?" என்று ஐயரை அரித்துக்கொண்டிருந்தார். அவரும் இருக்கிறது, இருக்கிறது என்றார். ஆல்பம் போய்ச் சேர்ந்த வாரத்தில் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் பிசகிப் படுத்தார். பார்க்க வந்த விருந்தாளிக்குக் காட்டலாம் என்று அந்த அம்மா ஆல்பத்தைத் திறந்திருக்கிறார். படம் 61.

மறுநாளே மருமகள் சுமதி ஒரு துணிப்பையோடு பூனாகலைக்கு அனுப்பப்பட்டாள். வேறு நல்ல நாள் பார்த்துத் தாலியை மாற்றிக் கட்டினால்தான் இனி வீட்டுப்படி ஏறலாம் என்று உத்தரவு.

அடுத்த நாள் காலை தியாகராஜா ஆல்பத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்குள் புகுந்தார். பின்னால் சுமதி.

"ஏன் அண்ணே, என் மக வாழ்க்கையில ராகுவைக் கூட்டியாந்து ஒக்கார வச்சிட்டீங்களே!"

"நான் எங்கங்க கூட்டியாந்தேன்? அது காமிரா..."

"காமிராவா டைப் அடிச்சிச்சு?"

காமிராவை எடுத்துப் பார்த்தேன். சுவரில் பத்து ஐந்து. காமிராவில் பத்து முப்பத்தைந்து. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அரசாங்கம் நேரத்தை மாத்துச்சுங்களே கிளாக்கரையா?"

"அது மாத்தி அஞ்சு மாசமாச்சு! எங்க தோட்டத்துல காலையில பேர் கூப்புடுற பெரட்டு நேரங்கூட மாறிருச்சு. ஒங்க காமிரா மட்டும் என்ன, தனி நாடா?"

(2006-ஆம் ஆண்டில் பதுளைக் கடைவீதியில் சத்தம்போட்டுச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.)

நாங்கள் இருவரும் கத்திக்கொண்டிருக்க, சுமதி மட்டும் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். "அங்கிள், இங்க பாருங்க. ஐயர் தோளுக்குப் பின்னால கோயில் கடிகாரம் தெரியுது" என்றாள்.

பெரிதாக்கிப் பார்த்தோம். ஏழு பன்னிரண்டு! அந்தக் கோயில் ஐயர் பழைய காலத்து அரசாங்க உத்தரவையும் மதிக்கவில்லை, புதியதையும் மதிக்கவில்லை. பத்து வருஷம் ஊருக்கெல்லாம் அரை மணி பிந்தி ஓடிய கடிகாரம். அந்த ஏப்ரலில் நாடே திரும்பி வந்து அதோடு சேர்ந்துகொண்டது. சோம்பேறிக்கு வாழ்வு, ஏழு கடிகாரம் திருத்தியவனுக்கு ஏச்சு!

பெரிதாக்கிய படத்தோடு மூவரும் பசறை வழியாக மொனராகலை பஸ் ஏறினோம். வழி முழுக்கத் தியாகராஜா என்னோடு பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் என்னை எடுக்கச் சொன்னார்.

பாக்கியம் அம்மா எங்களைக் கடைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. படத்தை வாங்கி ஒரு தரம் பார்த்தார்.

"கோயில் கடிகாரத்துல பாட்டரி செத்துப் போயிருக்கும்."

"இல்லைங்கம்மா, அடுத்த படத்துல ஏழு பதினாலு காட்டுது பாருங்க."

"அப்ப ஒங்க எழுத்து பொய்யா? இந்தா, லென்ஸ் தூரம் 35 மில்லிமீட்டர்னு போட்டிருக்கீங்க. நான் சீலைக்கடை வச்சிருக்கவ, எனக்கு அளவு தெரியும். இம்புட்டுத் தூரத்துலயா நின்னு எடுத்தீங்க?" விரலிடுக்கைக் காட்டினார். "என் மகன் மூக்கு மேல ஏறியா நின்னீங்க?"

சீலை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். லென்ஸ் தூரம் என்றால் நிற்கிற தூரம் அல்ல, கண்ணாடிக்குள் ஒளி குவிகிற தூரம் என்று விளக்க ஆரம்பித்தேன். தியாகராஜா என் முழங்காலை அழுத்தினார்.

"எழுத்து பொய்னா படமும் பொய்யா இருக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார் அந்த அம்மா. "ராகு காலத்துல கட்டுனது தாலியே இல்ல சம்மந்தி. கல்யாணம் நடக்கலன்னே வச்சுக்குங்க."

தியாகராஜாவின் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் சுமதி எழுந்தாள்.

"சரிங்கத்தை. கல்யாணமே நடக்கலன்னா அப்பா போட்ட பதினாலு பவுனும் இன்னும் அப்பாவோடதுதானே? ஒங்க அலுமாரியில இருக்கு. எடுத்துக் குடுத்தீங்கன்னா சாயங்கால பஸ்ஸுக்கே போயிருவோம்."

உள்ளே கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த மாப்பிள்ளை, "அம்மா, படத்தை இன்னொருக்காப் பாருங்கம்மா!" என்று கத்தினார்.

பாக்கியம் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாட்டரி ஓடித்தான் இருக்கு" என்றார். "உள்ள வா சுமதி. சம்மந்திக்குத் தேத்தண்ணி போடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இருங்க. நேரத்தைத் திருத்தி எல்லாப் படமும் புதுசா அச்சடிச்சுக் குடுக்கணும். ஒங்க காசுல."

எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

இருநூற்றுப் பதினான்கு படங்களிலிருந்தும் அரை மணி கழித்தேன். அடுத்த ஆண்டு பிள்ளை பிறந்தபோது பாக்கியம் அம்மாவே போன் செய்தார்: "படத்தை மட்டும் எடுங்க. பொறந்த நேரத்தை நாங்க பாத்துக்கிறோம்." என் வீட்டில் இன்றும் நான் எப்போது வருவேன் என்று யாராவது கேட்டால், "காமிரா நேரத்துக்கா, கோயில் நேரத்துக்கா?" என்று என் மனைவி கேட்கிறாள். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். காமிராவின் நேரத்தைத் திருத்த இரண்டு பொத்தானை அழுத்தினால் போதும். காசு ஒன்றும் ஆகாது. அழுத்தாததற்கு ஆன செலவு, பஸ் டிக்கெட்டும் சேர்த்து, பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.