கிடாவின் வால் எங்கே போயிற்று

அன்புள்ள மச்சான் எர்கெபுலானுக்கு,

ஷாய்மெர்தென் அத்தான் எழுதுவது. முதலில் ஆடுமாடுகளின் நலம் கேட்பதுதான் முறை. உனக்கு ஆடும் இல்லை மாடும் இல்லை, கல்லூரியில் உயிரியல் வாத்தியார் வேலைதான் இருக்கிறது, அது நலமா? இங்கே உன் அக்கா கனிபா நலம். நான் நலமில்லை. போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய், அதனால் பேருந்து ஓட்டுநரிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

இலையுதிர் காலத்தில் வந்தாயே, நினைவிருக்கிறதா? மகள் மக்பாலின் நிச்சயத்துக்கென்று நான் வளர்த்த கொழுப்புவால் கிடாவின் வாலைத் தட்டிப் பார்த்து என்ன சொன்னாய்? "அத்தான், இது வாலில்ல, மூட்டை கட்டி வெச்ச வெயிலு. புல்லு வெயில வாங்குது, கிடா புல்லைத் தின்னு, மூலக்கூறு மூலக்கூறா முடிச்சுப் போட்டுக் கொழுப்பா வெக்குது. குளிர்ல ஒவ்வொண்ணா அவுத்துச் செலவு பண்ணும். வைக்கோலை ஏன் வீணாக்குறீங்க? மந்தையோட பனியில விடுங்க, பட்டினி கிடக்காது." நானும் படித்தவன் சொல்கிறானே என்று விட்டேன். நீ சொன்னது சரிதான், பாவி! கிடா பட்டினி கிடக்கவில்லை. மூன்று மாதமாக என் மகளின் கல்யாணத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

தொட்டில் அளவு இருந்த வால் இப்போது காலிப் பை மாதிரி தொங்குகிறது. சம்பந்தி தெமிர்கானோ மூன்று முறை தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த வெள்ளிக்கிழமை வருகிறார். வாலையும் ஈரலையும் இரு வீட்டாரும் ஒரே தட்டில் தின்றால்தானே வாக்கு உறுதி? மறுநாளே மாப்பிள்ளை எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறான், திரும்ப இரண்டு வருடம். மக்பால் கிடாவின் பின்னாலேயே நின்று வாலைப் பார்க்கிறாள். பார்லியை அள்ளி அள்ளிப் போட்டேன். உன்னைக் கேட்டால், "மொதல்ல ஈரல்லயும் தசையிலயும் சர்க்கரையா ரொம்பும் அத்தான், மிச்சந்தான் வாலுக்கு. ரெண்டு மாசமாவது ஆகும்" என்கிறாய். கிடா தின்னாத நேரத்தில் கவலையில் நான் தின்றேன். உன் அக்கா சொல்கிறாள்: "வால் எங்க போச்சுன்னு தேடுறீங்களே, உங்க வயித்தைப் பாருங்க!"

ஆகையால், அறிவாளியே, சந்தையில் கிடைக்கிற பெரிய வாலாக வாங்கி அதே பேருந்தில் அனுப்பு. இல்லையென்றால் இந்தப் பக்கம் தலைகாட்டாதே. உன் காலடியில் பனி வழுக்காதிருக்கட்டும், உன் தேநீர் ஆறாதிருக்கட்டும்.

கோபத்துடன்,
அத்தான் ஷாய்மெர்தென்

பின்குறிப்பு: பனியில் பேருந்து வரவில்லை, கடிதம் என் பையிலேயே இருந்தது. சம்பந்தி குதிரைச் சறுக்குவண்டியில் வந்துவிட்டார். கிடாவை அறுத்து, வாலில் மிஞ்சிய கட்டைவிரல் அளவு கொழுப்பை ஈரலோடு தட்டில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். பார்த்தவர், "அப்பாடா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். "டாக்டர் கொழுப்பைத் தொடவே கூடாதுன்னுட்டாரு. உங்க கிடா வாலைப் பத்தி ஊரே பேசுச்சு. தின்னா நான் போயிருவேன், தின்னலேன்னா சம்பந்தம் போயிரும். அதான் வராமத் தள்ளிப் போட்டேன்!" ஆளுக்கு நகக்கண் அளவு தின்றோம். நிச்சயம் முடிந்தது, மக்பால் சிரித்துக்கொண்டே அழுதாள். வால் கீல் எதுவும் அனுப்பிவிடாதே. மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போடு. காகிதத்திலும் வெயில் மூட்டை கட்டியிருக்குமே, குளிர்காய்ந்துகொள் மச்சான்.