பேனரை இறக்கிடுங்க மாமா

தன்னார்வலர் பயிற்சி முகாம்,
ஜமுனாமரத்தூர்.
சந்தைக்கு முந்தின நாள்.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டின் முடிசூடா மன்னரும், செல்போன் ரிப்பேர் கடை அதிபரும், என் ஒரே தாய்மாமனுமான உயர்திரு ராஜாக்கண்ணு அவர்களின் சமூகத்துக்கு, அக்கா மகள் கவியா அடக்க ஒடுக்கமாக எழுதிக்கொள்வது. (சிரிக்காதீங்க. அடக்கம் இங்கே பாடத்திட்டத்தில் இருக்கிறது.) இங்கு நான் சுகம். அங்கு நீங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஆகவே கடைக்கு எதிரே நிற்கும் என் பேனரின் சுகத்தை மட்டும் அறிய ஆவல். மழையில் என் முகம் வெளுத்துப்போயிருந்தால் ரொம்ப நல்லது, வேலை மிச்சம்.

மாமா, அந்தப் பேனரை இறக்கிடுங்க. போனை முகாமில் வாங்கிப் பூட்டிவிட்டதால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன், நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது தபாலில் போட்டுவிடுவேன். நான் போகவிருந்தது தான்சானியாவில் ஒரு கிராமத்து மழலையர் பள்ளிக்கு, ஒரு வருஷம், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. உங்கள் பேனரில் எனக்குப் பின்னால் ஈஃபில் கோபுரம் நிற்கிறது. அதோடு என் படம் தபால்தலை அளவு, வாழ்த்துகிற உங்கள் படம் ஆளுயரம், கூலிங் கிளாஸ் வேறு. பஸ்ஸில் இருந்து பார்த்தால் பாரிசுக்குப் போவது நீங்கள், டாட்டா காட்ட வந்தவள் நான். ஆனாலும் மறக்கவில்லை மாமா, பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் எப்படி அனுப்பறது என்று அப்பா குறுக்கே நின்றபோது, "எதுன்னாலும் நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அதனால்தான் அப்பாவுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்கிறேன். நான் விலகிக்கொள்ளப் போகிறேன்.

சாப்பாடு சரியில்லையா, எவனாவது வம்பு பண்ணினானா என்று சட்டையை மடக்காதீர்கள். முதல் மாதம் ஜாலியாகத்தான் போனது. எங்கள் பயிற்சியாளர் காந்தா மேடம் தினமும் சாயங்காலம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, அன்றைக்கு மனசு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டச் சொல்வார். எல்லாருடைய கோடும் ஆலங்காயத்தில் இருந்து மலையேறும் ரோடு மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். நான் ஒருநாள் உமர் ஃபாரூக்கின் மூக்கை அப்படியே வரைந்து கொடுத்தேன் (என்கூடப் பயிற்சிக்கு வந்திருக்கும் வாணியம்பாடிப் பையன், நல்ல ஏற்றமான மூக்கு). மேடம் அதை உற்றுப் பார்த்து, "மத்தியானத்துக்கு மேல இன்னா ஆச்சும்மா, இப்படி சரேல்னு விழுந்துட்ட?" என்று என் தோளைத் தொட்டுக் கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். நிஜக் கோட்டைப் போடாமல் தப்பிக்க இத்தனை வழி இருக்கிறதே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் ஆப்பு வந்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு மலைக்கிராமத்து வீட்டில் ஒரு வாரம் தங்குவது வருஷா வருஷம் உள்ளதுதான். இந்த வருஷம் மேடம் ஒரு புது விதி கொண்டுவந்தார்: அந்த ஒரு வாரம் தமிழும் பேசக்கூடாது, இங்கிலீஷும் பேசக்கூடாது, தான்சானியாவுக்காகக் கற்றுக்கொண்ட சுவாஹிலி மட்டும்தான். மொழி தெரியாத ஊரில் நிற்பது எப்படி என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். வாரக் கடைசியில் அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பொண்ணைத் திரும்ப வூட்ல வச்சுக்குவீங்களா? பதிலைப் பொறுத்துத்தான் விமானம். என்னிடம் இருந்த சுவாஹிலியோ ஒரு கைப்பிடி. தண்ணீருக்கு 'மாஜி'. தாகம் எடுத்தால் முன்னாள் மந்திரியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். மெதுவாக என்பதற்கு 'போலே போலே'. எது போலே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் போனது ஆனந்தி அக்கா வீட்டுக்கு. அவங்க வீட்டுக்காரர் வெற்றிவேலிடம் மேடம் விதியை விளக்கிச் சொல்லியிருந்தார். அவரோ மறுநாளே குடகுக்கு மிளகு பறிக்கக் கிளம்பிவிட்டார், கிளம்பும்போது பெண்டாட்டியிடம் "ஒரு பொண்ணு வரும், சோறு போடு" என்பதோடு முடித்துக்கொண்டார். நான் போய் வாசலில் நின்று 'மாஜி' என்றேன். அக்கா என் வாயையே பார்த்தார். கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். உடனே அவர் பக்கத்து வீட்டு அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏ சின்னக்குழந்தை, இங்க வந்து பாரேன், இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வராது போலருக்கு, காதும் கேக்காது போல, பாவம்" என்றார். மாமா, ஊரில் என் வாயை மூட ஆள் வைத்துப் பார்த்தீர்கள், முடிந்ததா? இங்கே ஒரே நிமிஷத்தில் ஊமையும் செவிடுமாகிவிட்டேன். விதியை மீறினால் தோல்வி, மீறாவிட்டால் பொய். நான் சிரித்து வைத்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் அந்தச் சிரிப்பின் வட்டி. சாமை புடைக்க முறத்தைக் கொடுத்தார்கள். நான் புடைத்ததில் உமி முறத்தில் நின்றது, சாமை ஆட்டுக்குப் போனது. அன்று முதல் ஆடு என்னை விட்டு நகரவில்லை. "அழகா சிரிக்குது, கையிலதான் ஒரு வேலையும் ஓடல" என்று ஆனந்தி அக்கா என் எதிரிலேயே சின்னக்குழந்தை அக்காவிடம் சொன்னார். ஒரு ஜோக் அடித்தால் சமாளித்துவிடலாம், ஆனால் ஜோக்குக்குச் சுவாஹிலியில் என்னிடம் சரக்கு இல்லை. வேடிக்கை பேசாத கவியா எப்படி இருப்பாள் என்று எனக்கே தெரியாது மாமா. மூன்றாம் நாள்தான் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிற, அம்மாவைத் தேடுகிற ஒரு பெண். அவ்வளவுதான்.

என் குட்டைக் கண்டுபிடித்தது அக்காவின் மகள் ஷோபனா, அங்கன்வாடி போகிற வாண்டு. கொட்டகைக்குப் பின்னால் ஆடு காலை மிதித்தபோது, "அடி சனியனே!" என்று சுத்தத் தமிழில் கத்திவிட்டேன். திரும்பினால் அவள். "நீ பேசற" என்றாள். உதட்டில் விரல் வைத்தேன். "அப்ப கத சொல்லு. இல்லன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்." மிரட்டலில் உங்களையே மிஞ்சுகிற ஆள். தினமும் அங்கன்வாடி விட்டதும், கொட்டகைக்குப் பின்னால், டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறி வாணியம்பாடிக்குப் போகிற ஒரு ஆட்டின் கதையைத் தவணை முறையில் சொன்னேன். கண்டக்டர் ஆட்டைப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் அக்கா ஷோபனாவுக்குச் சடை பின்னிக்கொண்டே, நான் பக்கத்தில் இருக்கும்போதே, எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சின்னக்குழந்தை அக்காவிடம் பேசினார். "இதும் நாளைக்குப் போய்டும். வருஷா வருஷம் ஒண்ணு வருது. புள்ளய மடியில வச்சுக் கொஞ்சுது, போட்டோ புடிக்குது, போறப்ப அழுவுது, திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போய்டுது. போன வருஷம் வந்த பொண்ணு தீபாவளிக்கு வர்றேன்னுச்சு. இந்தப் புள்ள பஸ்சு வர்ற நேரமெல்லாம் ரோட்ல போய் நின்னுச்சு. அதுங்களுக்குப் பயிற்சி. எம்புள்ளைக்கு இன்னா?"

முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தான்சானியாவில் ஒரு வகுப்பு நிறைய ஷோபனாக்கள் இருப்பார்கள். ஒரு வருஷம் கொஞ்சிவிட்டு, அழுதுவிட்டு, பேனரில் கைகூப்பிக்கொண்டு நான் ஆலங்காயம் வந்துவிடுவேன். அவர்கள் ரோட்டில் நிற்பார்கள்.

மறுநாள் மேடம் வந்து, "என்ன கவியா, எப்படி இருந்துச்சு?" என்றார். நான் தமிழில் பதில் சொன்னேன். ஆனந்தி அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "பேசுவியா நீ? அப்ப நான் பேசுனது பூரா கேட்டுக்கிட்டா குந்தியிருந்த?" மேடம் விதியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். "சந்தைக்கு வருவேன்ல, அப்ப சொல்றேன்" என்று அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷோபனாவிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் முதன்முறையாக மேடத்திடம் நிஜக் கோட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஏற்றமே இல்லை.

அக்கா என்ன பதில் சொன்னாலும் சரி, நான் தான்சானியாவுக்குப் போவதாக இல்லை. அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அத்தைக்கு என் அன்பு, பேனருக்கு என் ஆழ்ந்த அனுதாபம். உங்கள் ரிப்பேர் கடையில் எல்லாப் போனும் ஒரே தடவையில் சரியாகி, உங்கள் கூலிங் கிளாஸ் கீறல் விழாமல் நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாய் திறந்தும் பேச முடியாத மருமகள்,
கவியா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன்னால் சந்தையிலேயே ஆனந்தி அக்கா பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்துப் பாக்கியைத் தக்காளிக் கடை முன்னால் நிற்கவைத்துத் திட்டினார். நானும் என் பங்குக்குப் பதில் சொன்னேன். ஆட்டையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை மாமா, நன்றாக இருந்தது. மூச்சு வாங்கியதும் அக்கா, எங்களோடு சந்தைக்கு வந்திருந்த மேடத்திடம் திரும்பி, "வாய மூடிக்கினு இருந்தப்ப வச்சுக்கலாம்னு இருந்தேன் மேடம், இப்ப யோசனையா இருக்குது. அந்த ஊருக்கே அனுப்பிடுங்க, இது பேசறது அங்க யாருக்கும் புரியாது" என்றார். சிரிக்காமல் சொன்னார். ஆனால் என் கையில் ஒரு பை சாமையைத் திணித்தார்.

ஷோபனா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "கண்டக்டர் புடிச்சாரே, அப்புறம்? எப்ப வந்து சொல்லுவ?" வாய் வரைக்கும் வந்தது 'தீபாவளிக்கு' என்று. விழுங்கிவிட்டேன். "வர மாட்டேன் பாப்பா. மீதியை இப்பவே சொல்லிடறேன்" என்று அங்கேயே குந்திக்கொண்டேன். ஆடு கண்டக்டரின் டிக்கெட் கட்டை முழுசாகத் தின்றுவிட்டு வாணியம்பாடியில் இறங்கியது. "எங்க ஊருக்கு வந்த ஆட்டோட கதைய எப்படி முடிக்கறதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று உமர் ஃபாரூக் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தான். அவனைத் துரத்திவிட்டேன். "திரும்பி வந்துச்சா?" என்றாள் ஷோபனா. "வரல." "அங்க நல்லா இருந்துச்சா?" "நல்லா இருந்துச்சு." "சரி" என்றாள், ஜிலேபிக் கடைப் பக்கம் ஓடிவிட்டாள். ரோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் பேனரை இறக்காதீங்க மாமா, நான் போகிறேன். அந்த ஈஃபில் கோபுரத்தின் மேலே மட்டும் ஒரு ஆட்டுப் படம் ஒட்டிடுங்க. யாராவது என்னன்னு கேட்டால், டிக்கெட் எடுத்தாச்சுன்னு சொல்லுங்க.