நாலாவது விடை கச்சான்

இறாலுக்கு நாடி பிடித்துப் பார்த்த பெண்மணி இந்தப் பூமியில் எங்கள் டாக்டரக்கா ஒருத்திதான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லத் தயார். இறாலுக்கு நாடி கிடையாது என்பது அக்காவுக்கும் தெரியும். விலங்கியலில் எம்.எஸ்சி. படித்தவள். ஆனாலும் சரக்கு வந்து இறங்கியதும் கூடையிலிருந்து ஒரு இறாலை எடுத்து உள்ளங்கையில் படுக்கவைத்து, இரண்டு விரலை அதன் முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். லாரியில் சரக்கு கொண்டுவந்தவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணாச்சி, இவன் செத்து ரெண்டு நாளாச்சி."

"ஏம்மா, விடியக்காலம் பிடிச்சதும்மா! மாதா மேல சத்தியம்!"

"மாதாவ ஏன் இழுக்கீய? இறாலை விடுங்க, உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? காலு வேற வீங்கியிருக்கு. மொதல்ல போயி பிரஷர் பாருங்க. போவையில இந்த இறாலையும் கொண்டு போயிருங்க."

தூத்துக்குடியில் முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கா தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். நான் பி.காம். முடித்த கையோடு ஏற்றுமதிக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கச் சேர்ந்தவள். அவள் உண்மைப் பெயர் சம்பளப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் அண்ணாச்சி முதல் இறால் உரிக்கிற பெண்கள் வரை எல்லோருக்கும் அவள் டாக்டரக்கா. உடுப்பும் அதற்கேற்ற மாதிரிதான்: வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, மூக்கை மூடிய துணி. "கோட்டு பதினாலு வருஷமா இருக்குளா. காலேஜுதான் பாக்கி" என்பாள்.

பாக்கி என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் டாக்டர் படிப்பு அவளுக்கு அரை மார்க்கில் போய்விட்டது. ஒரு மார்க் கூட இல்லை, அரை. அதன் பிறகு விலங்கியல் படித்தாள், மேல்படிப்பும் படித்தாள், வேலைக்கும் வந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "சீட்டு வரட்டும்" என்றாள். என்ன சீட்டு என்று அவர்களுக்கு விளங்கவில்லை. டாக்டர் படிப்புத் தேர்வுக்கு இனி வயது வரம்பு இல்லை, பட்டம் வாங்கியவர்களும் எழுதலாம் என்று செய்தி வந்த அன்று அக்காவுக்கு வயது முப்பத்தேழு. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஏளா, அந்தக் கம்ப்யூட்டர்ல ஃபாரத்தத் தொற. என் அரை மார்க்கத் திருப்பித் தரப் போறானுவ."

படிவம் நிரப்புவது இலேசான காரியமாக இல்லை. பின்னணி வெள்ளையாக இருக்கிற புகைப்படம் வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும். அக்காவுக்கு ஸ்டூடியோவுக்குப் போகப் பொறுமை இல்லை. கம்பெனியில் வெள்ளைச் சுவர் இருப்பது ஒரே இடத்தில், சரக்கை உறைய வைக்கிற குளிர் அறையில். அங்கே நின்றுகொண்டு, "எடு" என்றாள். என் போனில் எடுத்தேன். எத்தனை முறை எடுத்தாலும் அவள் மூச்சு ஆவியாகி முகத்துக்கு முன்னால் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், "மூச்சப் பிடிச்சா முழி பிதுங்குதுளா" என்றாள். கடைசியில் ஆவி கொஞ்சம் கம்மியாக இருந்த ஒன்றை ஏற்றிவிட்டோம். மார்கழி மாதத்து ஊட்டியிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. எப்படியோ ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஊரெல்லாம் டாக்டர் என்று கூப்பிட்டும் அக்கா ஒருத்தருக்கும் ஒரு தலைவலி மாத்திரை சொன்னதில்லை. "நான் இன்னும் டாக்டர் இல்ல" என்று கையை விரித்துவிடுவாள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். என் ஊர் தாமிரபரணிக் கரையில். இங்கே எனக்கென்று ஒருத்தரும் இல்லை. அக்கா மாத்திரை தரவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, நான் விழுந்துவிடாமல் என்னைத் தன் துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் வரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த டாக்டர்களிடமெல்லாம் சந்தேகம் கேட்டாள். ஒரு டாக்டர் என் சீட்டைப் பார்க்காமல் அக்கா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வார்டுக்குப் போய்விட்டார்.

முதல் தேர்வு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் பைகளைச் சுமக்க நானும் போனேன். ஒன்றரை மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். உள்ளே போகிறவர்கள் கம்மல், கொலுசு, கொண்டை ஊசி எதுவும் போடக் கூடாது, கை முழுக்க மூடிய சட்டை கூடாது. அக்கா ஓரமாக நின்று கம்மலைக் கழற்றினாள், கழுத்தில் கிடந்த மாதா படம் வைத்த உத்தரியத்தைக் கழற்றி முத்தமிட்டு என் கையில் கொடுத்தாள். அதற்குள் கூட்டம் நெருக்க, ஹால் டிக்கெட்டோடு நான் கேட்டுக்கு அருகே போய்விட்டேன். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"பாப்பா, நீ உள்ள போ. அம்மா, பெத்தவங்க எல்லாம் அந்த வேப்பமரத்துக்குக் கீழ நில்லுங்க."

"நான்தான் எழுதப் போறேன்" என்றாள் அக்கா.

"எல்லா அம்மாவும் அதத்தான் சொல்லுதாங்க. பிள்ளைக்குத் தைரியம் சொல்லி அனுப்புங்கம்மா."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, பார்க்கப் பதினெட்டு. அடுத்த நிமிடம் நான் கேட்டுக்கு உள்ளே இருந்தேன். ஒரு அம்மாள் என் தலையைத் தடவி ஊசி தேடினார். வெளியே அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏளா! வெளிய வாளா! நீ பி.காமு! உள்ள போயி என்னத்த எழுதுவ?"

ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அதிலிருந்த படத்தைப் போலீஸ் அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு காது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது என் காதா, அக்கா காதா என்று முடிவு செய்ய முடியவில்லை. கடைசியில் பிறந்த வருஷத்தைப் படித்தார். மேலும் கீழும் பார்த்தார். கேட் மூட நாலே நிமிடம் இருக்கையில் என்னை வெளியே இழுத்து அக்காவை உள்ளே தள்ளினார். வேப்பமரத்துக்குக் கீழே பெற்றவர்களோடு நான் நின்றேன். ஒரு அம்மா என்னிடம், "உள்ள போனது உன் அம்மாவா? படிக்கட்டும், நல்லதுதான்" என்றார்.

தேர்வு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் விடைகள் வந்துவிட்டன. இங்கேதான் அக்காவின் காற்றுக் கணக்கு எனக்குத் தெரியவந்தது. கேள்வி ஒவ்வொன்றுக்கும் நாலு விடை கொடுத்திருப்பார்கள். அக்கா ஆலந்தலைக்காரி, அப்பா கடலுக்குப் போனவர். அந்த ஊரில் வடக்கே இருந்து அடித்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். அதே வரிசையில் அவள் முதல் விடைக்கு வாடை என்றும் நாலாவது விடைக்குக் கச்சான் என்றும் பேர் வைத்திருந்தாள்.

"தெக்க இருந்து வந்தா எங்க ஊர்ல தென்றல்க்கா" என்றேன்.

"தென்றலு பாட்டு எழுதுதவனுக்கு. எங்களுக்குச் சோழகம். நீ கேள்விய வாசி."

"நாப்பத்தொண்ணு?"

"கச்சான்."

"நாப்பத்திரெண்டு?"

"கச்சான்."

"நாப்பத்திமூணு?"

"கச்சான்."

"என்னக்கா, வரிசையா ஒரே காத்தா அடிக்கி?"

"ஏளா, அது பூரா பிசிக்ஸு. எனக்குத் தெரியாது. மே மாசத்துல எங்க கடல்ல வேற என்ன காத்து அடிக்கும்? அதான் எல்லாத்தையும் கச்சான்ல விட்டுட்டேன்."

தப்பான விடைக்கு மார்க்கைக் கழிப்பார்கள் என்பதைக் காற்று அறியாது. பிசிக்ஸில் அக்கா வாங்கிய மார்க் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது.

இரண்டாவது வருஷம் கம்பெனியே படித்தது. ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற தடைக்காலம். சரக்கு வரத்து குறைந்துவிடும். "மீனுக்கு அது பேறுகாலம், எனக்குப் படிப்புக்காலம்" என்றாள் அக்கா. நான் அலுவலக அறையில் இருந்து மைக்கில் கேள்வி வாசிப்பேன். கீழே கூடத்தில் மிச்சமிருக்கிற சரக்கை உரித்துக்கொண்டே பெண்கள் விடை சொல்வார்கள்.

"இதயத்துக்கு எத்தனை அறை? மொதல் விடை ரெண்டு. ரெண்டாவது விடை மூணு. மூணாவது விடை நாலு. நாலாவது விடை அஞ்சு."

நம்பரில் சொன்னால் யாருக்குத்தான் தலை சுற்றாது? கூடம் முழுக்க ஒரே குரலில் "சோழகம்!" என்று சத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் அண்ணாச்சி, வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வெள்ளைக்காரர் திடுக்கிட்டு, இது என்ன என்று கேட்டார். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. "சேஃப்டி ட்ரெயினிங், சார்" என்றார். வெள்ளைக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போய், தொழிலாளர்கள் மிகுந்த உற்சாகத்தோடு பயிற்சி பெறுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அண்ணாச்சியே, "ஏம்மா, இன்னைக்குச் சோழகம் உண்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்த வருஷம் அக்கா தேறினாள். ஆனால் அரசு கல்லூரிச் சீட்டுக்கு மார்க் எட்டவில்லை. அண்ணாச்சி கூப்பிட்டுப் பேசினார். "தாயி, ஆந்திராவுல புது பேக்டரி. நீதான் அங்க தலைமை. இனி இந்தப் பரீட்சைச் சோலிய விட்டுரு."

"அடுத்த வருஷமும் போனா நீங்க சொன்ன எடத்துக்குப் போறேன் அண்ணாச்சி. இது ஒண்ணு மட்டும் பாத்துட்டு வந்துருதேன்."

ஆக அந்த மூன்றாவது தேர்வுதான் கடைசி. தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம், பிசிக்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தெரிஞ்சத எழுதினேன். தெரியாத எடத்துல நங்கூரத்தப் போட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்" என்றாள். அதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சீட்டு ஒதுக்கிய முதல் சுற்றுப் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டாம் சுற்று ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. கூடத்தில் பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்கள். அண்ணாச்சி ஒன்றும் தெரியாதவர் போல என் மேஜையில் ஸ்டேப்ளர் தேடினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏளா, நீயே பாரு. எனக்குக் கையி ஓட மாட்டேங்கி."

பட்டியல் மெதுவாகத் திறந்தது. எண்ணைத் தட்டிவிட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டம் சுற்றிய நேரத்தில் என் மனதில் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிடைக்காவிட்டாலும் ஆந்திராவுக்குப் போய்விடுவாள், கிடைத்தாலும் போய்விடுவாள் என்று அறிவு சொன்னது. ஆனாலும் பெயர் இல்லாமல் இருக்கட்டும், நாளை மத்தியானமும் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இது என்னளா, சோறா, மண்ணா?" என்று கேட்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஒரே ஒரு நிமிடம்தான்.

பெயர் இருந்தது. கடலே இல்லாத ஒரு மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி.

"கிடைச்சிட்டுக்கா" என்றேன்.

பெண்கள் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி ஸ்டேப்ளரைக் கீழே போட்டார். அக்கா திரும்பவில்லை. பிறகு வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலில் தன் பெயரை மூன்று முறை வாசித்தாள். நான்காவது முறை என் முகத்தைப் பார்த்தாள்.

"சீட்டு கெடச்சது எனக்கு. நீ எதுக்குளா அழுத?"

"சந்தோஷத்துலக்கா" என்றேன். அதில் பாதிதான் உண்மை. மீதியை இப்போது மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கிற அக்கா, விடுதியில் யாராவது இந்தப் பத்திரிகையை வாங்கினால் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.