லோடு மாமாவின் புருவம்

“பொம்மையைவிடப் படத்துல மாமா சூப்பருங்க” என்று கலையரசன் என்கிற யாரோ ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நாற்பத்தாறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

குழந்தைவேல் செல்போனை மேலே தள்ளினார், கீழே இழுத்தார். நாற்பத்தாறு நாற்பத்தேழு ஆனது.

“ஏனுங்க, தோசை ஆறிப்போகுது” என்றாள் மனைவி கோகிலவாணி.

“தோசை மட்டுந்தான் இந்த ஊட்டுல ஆறுது.”

புதுச்சத்திரத்தைச் சுற்றி லோடு மாமாவைத் தெரியாத ஊர் கிடையாது. லாரி சீட்டு ரெக்சினில் தைத்த கைப்பொம்மை. கண்ணுக்குக் கோட்டுப் பித்தான் இரண்டு, திறந்து மூட ஒரு வாய், தோளில் ஒரு துண்டு. கோயில் நோன்பி, பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, அப்புறம் யூடியூப் என்று மாமா போகாத இடமில்லை. இருபத்திரண்டு வருடமாகத் திரைக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் குழந்தைவேல். பக்கத்தில் உட்கார்ந்து ரோசாமணி என்ற கோழிப் பொம்மையை ஆட்டுகிறவள் பொன்னாயி.

மாமாவைத் தெரிந்த கூட்டத்துக்குக் குழந்தைவேலைத் தெரியாது. ஆட்டம் முடிந்து அவர் வெளியே வந்தால், “கொஞ்சம் ஓரமாப் போங்க, மாமாகூடப் போட்டோ எடுக்கோணும்” என்பார்கள். அந்தக் குறை தீரத்தான் அவர் ‘பாவைக்கலைப் பேரரசர்’ என்ற பட்டத்தை விசிட்டிங் கார்டில் தனக்குத் தானே வழங்கி, தானே பெற்றுக்கொண்டார்.

சேலத்துப் பதிப்பாளர் பாலசுந்தரம் மாமாவைப் படக்கதைப் புத்தகமாகப் போட்டது போன மாதம். வரைந்தவள் குமாரபாளையத்து அபிநயா. விசைத்தறித் துண்டுகளுக்குப் பார்டர் டிசைன் போடுகிற பெண். மூன்று ஆட்டம் வந்து பார்த்தாள், போய் வரைந்தாள். அவள் வரைந்த மாமா இடது புருவத்தை மட்டும் தனியாகத் தூக்கினார். பொய் சொன்னால் கீழுதட்டை மடித்துக் கடித்தார். கோபம் வந்தால் மூக்கு விடைத்தது.

“எம் பொம்மைக்கு மூக்கே கெடையாதே!” என்று குழந்தைவேல் தோசையிடம் முறையிட்டார்.

அன்றே பதிப்பகத்தின் முகநூல் பக்கத்தில் சொந்தப் பெயரில் ஒரு கருத்து எழுதினார். ‘மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதே கலை. இப்படிக்கு, பாவைக்கலைப் பேரரசர் குழந்தைவேல்.’

“யாருங்க இவரு?” என்று ஒரு பிரவீனா கேட்டாள்.

“பொம்மைக்குள்ள கை விடறவராட்டம் இருக்குதுங்க” என்று இனியன் பதில் சொன்னான். அதற்கு எழுபது பேர் சிரித்தார்கள்.

பேரரசர் அந்தக் கருத்தை அழித்துவிட்டு மாறுவேடத்தில் புறப்பட்டார். கயல்விழி என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினார். முகத்துக்குப் பதில் ஒரு ரோசாப்பூ. ‘ஒரு தாயாகச் சொல்கிறேன். ஒற்றைப் புருவத்தைத் தூக்கும் பழக்கம் குழந்தைகளின் பணிவைக் கெடுக்கும்’ என்று ஆரம்பித்து ஒன்பது பத்தி எழுதினார்.

அதுவரை புருவத்தை யாரும் தனியாகக் கவனித்திருக்கவில்லை. இப்போது எல்லோரும் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள்.

“கயல்விழி மேடம் சொன்னப்பறந்தான் பாத்தனுங்க. பதினோராம் பக்கத்துப் புருவம், அடடா, உசுரோட இருக்குதுங்க!”

நான்கே நாளில் முதல் பதிப்பு தீர்ந்தது. பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று ஒற்றைப் புருவம் பழகும் வீடியோக்கள் வந்தன. அபிநயா பென்சிலும் கையுமாக ஒரு பத்திரிகையில் வந்தாள். குழந்தைவேல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பென்சில்கூட நன்றாக விழுந்திருந்தது.

“இருபத்திரண்டு வருசம் கைய மேல தூக்கி நின்னு எந்தோள்பட்டை தேஞ்சுபோச்சு. மூணே ஆட்டம் பாத்தவளுக்குப் பேப்பர்ல போட்டோ” என்றார்.

“நல்லாத்தான வரைஞ்சிருக்குது அந்தப் புள்ள?” என்றாள் கோகிலவாணி.

“நீயுமா?”

அடுத்த ஞாயிறு நோன்பி ஆட்டம். மாமா திரைக்கு மேலே தலை காட்டியதும் முன்வரிசை கத்தியது: “மாமா, புருவம்! மாமா, புருவம்!”

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் குழந்தைவேல். கோகிலவாணியின் சவுரியில் இரண்டு துண்டு வெட்டி, பசை போட்டுப் பித்தான்களுக்கு மேல் ஒட்டியிருந்தார். கூட்டம் ஒரு நிமிடம் கைதட்டியது. பிறகு மாலை வெயிலில் பசை இளகியது. இடது புருவம் இறங்கி மீசையானது. இன்னும் இறங்கியது. மாமா ‘அடேய்’ என்று வாயைத் திறந்தபோது உள்ளே போய்விட்டது.

பொன்னாயி ரோசாமணிக் கோழியை எம்பவைத்தாள். “ஏனுங் மாமா, கம்பு கேட்டா இல்லீங்கறீங்க, நீங்க மட்டும் புருவத்தத் தின்றீங்க?”

பந்தல் அதிரச் சிரித்தார்கள். அன்றைக்கு அதிகக் கைதட்டு கோழிக்குத்தான்.

“இது டூப்ளிகேட் மாமாடோய்! ஒரிஜினல் புத்தகத்துல இருக்குது!” என்று ஒரு குரல் கேட்டது. குழந்தைவேலுக்குக் கை சோர்ந்தது. மாமா திரைக்குப் பின்னால் மடிந்து விழுந்தார். அதையும் நடிப்பு என்று நினைத்துத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முழு மூச்சாக இறங்கினார். மனைவி செல்போன், மச்சான் செல்போன், மச்சான் பையனின் பழைய செல்போன் என்று சேர்த்துப் பதினொரு கணக்குத் திறந்தார். பதினொரு பேரும் கயல்விழியைப் பாராட்டினார்கள். ‘பித்தான் கட்சி’ பிறந்தது. எதையாவது எதிர்க்கக் காத்திருந்த நிஜ மனிதர்கள் முன்னூறு பேர் வந்து சேர்ந்தார்கள். ‘எங்கள் மாமாவுக்குப் புருவம் வேண்டாம், மூக்கு வேண்டாம், முகமே வேண்டாம்’ என்று பதிப்பகத்துக்கு மனு போனது.

பாலசுந்தரம் போன் செய்தார்.

“ஐயா, கயல்விழி அம்மாவ உங்களுக்குப் பழக்கமுங்களா?”

“கேள்விப்பட்டிருக்கறேன்” என்றார் குழந்தைவேல், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. “பெரிய படிப்பாளியாம்.”

“ஞானிங்க! வாசகர் கூட்டம் ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருக்கறோம், சேலத்துல. அம்மாதான் தலைமை. நீங்களும் வாங்க. மேடைல ஓரமா ஒரு சேர் போடறோம்.”

குழந்தைவேல் போனை வைத்தார். கயல்விழியின் மீது அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

“நேத்துப் பொறந்தவ! அவளுக்கு நடுச் சேரு, எனக்கு ஓரச் சேரு!”

“யாரச் சொல்றீங்க?” என்றாள் கோகிலவாணி.

குழந்தைவேல் செல்போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

கூட்டத்தன்று கயல்விழிக்குக் காய்ச்சல். நடு நாற்காலியில் ரோசாப்பூப் படத்தை வைத்து, அதற்கு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். பாவைக்கலைப் பேரரசர் ஓரத்தில், மைக் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜரிகை நல்ல அகலம்.

பாலசுந்தரம் கயல்விழியின் கடிதத்தை நாத் தழுதழுக்க வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்.

“வாசகப் பெருமக்களின் ஆணைக்கு இந்தப் பதிப்பகம் தலைவணங்குகிறது! இரண்டாம் புத்தகம் முதல் மாமாவுக்கு இரண்டு பித்தான், ஒரு கோடு. அவ்வளவுதான். முதல் புத்தகமும் இனிப் பழைய முகத்தோடு அச்சாகாது!”

பித்தான் கட்சி மேசையைத் தட்டியது. பின்வரிசையில் கைப்பிள்ளையோடு ஒரு அம்மாள் எழுந்தாள்.

“ஏனுங்க, அந்த மூஞ்சியக் காட்டித்தான எம் மவளுக்குச் சோறு ஊட்டறேன்? பாத்தாலே சொந்தக்காரராட்டம் இருக்குமே. அத ஏனுங்க எடுக்கறீங்க?”

“கோரிக்கை பரிசீலிக்கப்படும்” என்று சொல்லி பாலசுந்தரம் பரிசீலிக்காமல் அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார்.

அபிநயா மைக் முன்னால் வந்தாள். “எனக்கு அந்த மொகம் ரொம்பப் புடிச்சிருந்துதுங்க. இனிமேல் அப்படி ஒண்ணு அமையாதுங்க. ஆனா வாசகருங்க வேண்டாங்கறாங்க. சரிங்க” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

பேரரசர் தாராள மனதோடு எழுந்து போய் அவள் தலையைத் தொட்டு, “வெசனப்படாத அம்மிணி. துண்டுக்குப் பார்டர் போடறதும் கலைதான்” என்று ஆசீர்வதித்தார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தையே பார்த்தபடி பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டத்துக்குக் கூட வந்திருந்த பொன்னாயி முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“பாத்தியா பொன்னாயி, பொம்மை செயிச்சிருச்சு!”

“நல்லாருந்த மூஞ்சிங்ணா. நீங்க எந்திரிச்சு, அத எடுக்க வேண்டாமுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“நான் எதுக்குச் சொல்லோணும்?”

“கூச்சப்பட்டுக்கிட்டுத்தான் பேசாம இருக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“எனக்கென்ன கூச்சம்? எவன் மூஞ்சியையோ கொண்டாந்து எம் மாமாவுக்கு ஒட்டிப்போட்டா. போச்சு, ஒழிஞ்சுது!”

பொன்னாயி திரும்பி அவரைப் பார்த்தாள்.

“பொம்மைக்கு ஏதுங்ணா புருவமும் மூக்கும்? அந்தப் புள்ள மூணு ஆட்டமும் திரைக்குப் பின்னால எம்பக்கத்துல உக்காந்து, உங்களப் பாத்துத்தான வரைஞ்சா!”