தோற்றவர்களின் பாலம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தச் சிங்கம் எப்போதோ ஒரு தேர்தலில் சுயேச்சையாக நின்று, டெபாசிட் இழந்து, பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. ஆகையால் ஓடையிலிருந்து தொடங்குகிறேன். ஓடை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. எங்குமே நின்றதில்லை.

காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடியது அது. கோடையிலும் வற்றாது. அக்கரையை ஒட்டி ஒரு சுழல் இருந்தது. சின்னக் கால்கள் உள்ள எதுவும் அதில் இறங்கினால் கீழே எங்கேயாவது கரை ஒதுங்கும், உயிரோடு அல்ல. அதனால் ஒரு பாலம் வேண்டும் என்று முயல்களும் முள்ளம்பன்றிகளும் சருகுமான்களும் நெடுங்காலமாகக் கேட்டு வந்தன.

காட்டில் கட்சிகள் இரண்டு. கொம்புக் கட்சிக்குக் காட்டெருமை தலைவர். வால் கட்சிக்குக் கருமந்தி தலைவர். காட்டெருமைக்கு வாலும் உண்டு. பிரசாரத்தின்போது மட்டும் அதைத் தொடை இடுக்கில் ஒடுக்கிக்கொள்வார். இரண்டு கட்சிகளுக்கும் கொள்கையில் என்ன வேறுபாடு என்று கேட்டால் இரண்டுமே ஒரே மாதிரி கோபித்துக்கொள்ளும். காட்டெருமை வயிறு நனைய ஓடையைக் கடந்துவிடுவார். கருமந்தி கிளைக்குக் கிளை தாவிவிடுவார். பாலம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் யாரும் தலைவராக இருந்ததில்லை.

இருந்தாலும், ஆட்சிக்கு வந்ததும் பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவதில் இருவருமே குறை வைத்ததில்லை. பெரிய கருங்கல் பலகை, அதில் 'மாண்புமிகு' என்று தொடங்கும் பெயர்கள், பந்தல், மாலை, மயிலாட்டம். விழா முடிந்ததும் பாலமே கட்டி முடித்துவிட்டதைப் போன்ற ஓர் அலுப்பு எல்லோரையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கல் இருக்கும். பாலம் இருக்காது. உடும்பு வீரபத்திரன் அந்தக் கல்லின் மேல் படுத்து வெயில் காய்வார்.

அடுத்த தேர்தலில் ஆட்சி மாறும். ஜெயித்த கட்சியின் தொண்டர்கள் செய்யும் முதல் வேலை, தோற்ற கட்சியின் அடிக்கல்லைப் பெயர்த்து ஓடைக்குள் உருட்டிவிடுவது. அதுதான் அந்தக் காட்டின் வழக்கம். வெற்றி ஊர்வலம் அதற்கப்புறம்தான். சரிவு செங்குத்தாக இருந்ததால், உருளும் கல் ஏற்கெனவே கிடக்கும் கற்களின் மேல் ஏறிப் புரண்டு, கடைசிக் கல்லைத் தாண்டிப்போய் விழும். காலையில் புதுக் கல் நடப்படும். வீரபத்திரன் முனகிக்கொண்டே புதுக் கல்லுக்கு இடம் மாறுவார்.

இப்படி ஆட்சிகள் மாறி மாறி விழ, ஓடையில் கற்களும் வரிசையாக விழுந்து கிடந்தன. இதை யாரும் கவனிக்கவில்லை. மாராயி கவனித்தாள்.

மாராயி ஒரு சருகுமான். கொம்பு கிடையாது. வால் இருக்கிறதென்று சொன்னால் நம்பலாம். அவளுடைய மகள் பவளத்தை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தாள். கல்யாணம் போன தேர்தல் சமயத்தில் நடந்ததால், காட்டெருமையே மணப்பெண்ணைத் தன் முதுகில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டார். தேர்தல் முடிந்தபின் அந்த முதுகு யாருக்கும் கிடைக்கவில்லை. இந்தத் தேர்தலிலாவது கிடைக்கும் என்று பார்த்தால், வாக்காளரை முதுகில் ஏற்றுவது லஞ்சம் என்று தேர்தல் ஆணையராக இருந்த ஆந்தை தடை போட்டுவிட்டது.

பவளம் இப்போது நிறைமாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அக்கரையில் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, காட்டுநாய்கள் உண்டு. மழை பிடித்துவிட்டால் ஓடை கரை புரளும்.

அக்கரையை ஒட்டி, சுழல் இருந்த இடத்தில், ஒரு கல்லுக்கு மட்டும் இடம் பாக்கி இருந்தது.

"தாவிரட்டுமாம்மா?" என்று அக்கரையிலிருந்து பவளம் கேட்டாள்.

"வயித்துல இருக்கிறது என்ன, பஞ்சுமூட்டையா? பேசாம இரு கண்ணு. ஆட்சி மாறட்டும்."

"மாறுமா?"

"மாத்திருவோம்."

அப்போது ஆட்சியில் இருந்தது வால் கட்சி. அதனால் மாராயி கொம்புக் கட்சிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தாள். போன தேர்தலில் கொம்புக் கட்சி ஆட்சியில் இருந்ததால் வால் கட்சிக்காக உழைத்தவளும் அவளே. இதைப் பார்த்துக் காட்டில் பலர் அவளைப் பெரிய அரசியல் சிந்தனையாளர் என்று நினைத்தார்கள். வீரபத்திரன் மட்டும் நினைக்கவில்லை.

"ஏம்மா மாராயி, உனக்கு நிஜமா யாரைப் பிடிக்கும்?"

"விழுகிறவங்களைப் பிடிக்கும்ணே."

காற்றும் அவள் பக்கம்தான் வீசியது. கருத்துக் கணிப்பை வழக்கம்போல் கிளி எடுத்தது. கூண்டிலிருந்து வெளியே வந்து, அடுக்கியிருந்த சீட்டுகளைப் புரட்டி, ஒன்றை அலகால் இழுத்துப் போட்டது. கொம்பு. அன்று மாலையே ஓடைத் துறைகளுக்கான அமைச்சர் நரி குணசீலன், வால் கட்சியில் தனக்கு மூச்சு முட்டுவதாக அறிக்கை விட்டார். மறுநாள் தலையில் இரண்டு மூங்கில் குருத்துகளைக் கட்டிக்கொண்டு, வாலை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொம்புக் கட்சி மேடையில் அழுதார். அழும்போது இடது கொம்பு சரிந்தது. கூட்டம் அதை உணர்ச்சிவசம் என்று எடுத்துக்கொண்டது.

வாக்குக் கேட்டு மாராயியின் புதருக்கும் வந்தார்.

"அக்கா, கைவிட்டுராதீங்க."

"நீங்க ஜெயிச்சா அந்தக் கல்லை உருட்டுவீங்களா தம்பி?"

"அன்னைக்கே உருட்டுவோம். அந்த அராஜகச் சின்னத்தை ஒரு நிமிஷம் விட்டுவைக்க மாட்டோம்."

"அதுல உங்க பேரும் இருக்கு."

குணசீலன் கொம்பைச் சரிசெய்துகொண்டார். "அது வேற குணசீலன்க்கா," என்றார்.

வாக்கு எண்ணும் நாள் வந்தது. ஓடைக்கரை ஆலமரத்தில் மைனாக்கள் உட்கார்ந்து நேரலை செய்தன. ஒரு மைனா சொன்னதையே இன்னொரு மைனா உரக்கச் சொல்லும். அதற்கு விவாதம் என்று பெயர். முதலில் தபால் வாக்குகளை எண்ணினார்கள். வலசை போன பறவைகள் போட்டவை. காட்டை விட்டுப் போனவர்களுக்குக் காட்டின் மீது எப்போதும் கோபம் அதிகம். கொம்புக் கட்சி முன்னிலை.

அவ்வளவுதான். மற்ற வாக்குகள் பெட்டியில் கிடக்கும்போதே கொண்டாட்டம் ஆரம்பித்துவிட்டது. எல்லாத் தேர்தலிலும் இப்படித்தான் நடக்கும். எல்லாத் தேர்தலிலும் இதை மறந்துவிடுவார்கள். குணசீலன் தேனடையைப் பிய்த்து வருவோர் போவோர் வாயிலெல்லாம் திணித்தார். காட்டுப்பன்றித் தொண்டர்கள் (அவர்களுடைய கோரைப்பல்லைக் கொம்பாகக் கட்சி அங்கீகரித்திருந்தது) கல்லின் அடியில் மண்ணைக் கிளறி, உத்திரங்களைச் செருகி நெம்பினார்கள். கல் அசைந்தது. வீரபத்திரன் இறங்கி ஓரமாகப் போனார்.

மாராயி ஓடையின் விளிம்பில் போய் நின்றாள். வானத்தின் மேற்கு மூலையில் கருமை கட்டியிருந்தது.

"அடுத்த சுற்றில் வால் கட்சி முன்னிலை," என்றது மைனா.

பன்றிகள் நெம்பிய நிலையிலேயே நின்றுவிட்டன. அரைகுறையாகச் சாய்ந்த கல்லைத் தோளில் தாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தன.

"என்னப்பா செய்றது?" என்றது ஒரு பன்றி.

"நிமித்து. எதுக்கு வம்பு?"

நிமிர்த்தினார்கள். மறு சுற்றில் கொம்பு முன்னிலை. சாய்த்தார்கள். அதற்கடுத்த சுற்றில் வால். நிமிர்த்தினார்கள். மதியம் வரை அந்தக் கல் தொழுகிறவர் தலையைப் போலக் குனிவதும் எழுவதுமாக இருந்தது. கல் சாயும்போதெல்லாம் அக்கரையில் பவளம் எழுந்து நிற்பாள். நிமிரும்போதெல்லாம் உட்காருவாள். தேனடை வாங்கித் தின்றவர்களில் பாதிப்பேர் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாலையில் முடிவு வந்தது. வால் கட்சியே மீண்டும் ஆட்சி. மக்கள் தீர்ப்பை மதிப்பதாகச் சொல்லிவிட்டுக் காட்டெருமை சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டார். கிளி, தான் இழுத்த சீட்டு சரியானதுதான் என்றும் காடுதான் தவறிவிட்டது என்றும் விளக்கம் தந்தது. கல்லை நேராக நட்டு, மண்ணை மிதித்துக் கெட்டித்து, பன்றிகளே அதற்கு ஒரு மாலையும் போட்டுவிட்டுப் போயின.

"என்னாச்சும்மா?" என்றாள் பவளம்.

"நல்லாட்சி தொடருதாம் கண்ணு," என்றாள் மாராயி.

வீரபத்திரன் மறுபடி கல்லின் மேல் ஏறினார். மாலை இடைஞ்சலாக இருக்கவே வாலால் ஒதுக்கினார். பூவுக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. மாண்புமிகு கருமந்தி. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரியதாகவே, மாண்புமிகு குணசீலன்.

மாராயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"கோள் மூட்டப் போறேண்ணே."

"கருமந்திகிட்டயா?"

"அவருக்கு இப்ப ஊர்வலம். காது கேக்காது. அணிலண்ணன்கிட்ட."

மலை அணில் சிற்றம்பலம் வால் கட்சியின் விசுவாசி. கட்சி தோற்றபோதும் ஓடாதவர். எங்கே ஓடுவது என்று தெரியாததுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. துறைகளுக்கான அமைச்சர் பதவி இந்த முறை அவருக்குத்தான் என்று உறுதியாகியிருந்தது. தன் அழகான வாலைச் சீவிக்கொண்டு பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வாழ்த்துகள். நாளைக்குப் பதவியேத்துட்டு ஓடைக்கு வருவீங்கல்ல?"

"வராம? பாலம் நம்ம உயிர் மூச்சாச்சே."

"அங்க கல்லுல நரி பேரு இருக்குண்ணே. நீங்க பக்கத்துல நின்னு படம் எடுத்தா, துரோகி பேருக்குப் பக்கத்துல விசுவாசின்னு விழும்."

சிற்றம்பலத்தின் வால் அசைவது நின்றது. "மேலே இலையை ஒட்டி மறைச்சிருவோம்," என்றார்.

"ஒட்டலாம். மழை வருதே. உங்க இலை கரையும், அவர் பேரு கரையாதே. அதுவும் தலைவர் பேரைவிடப் பெரிசா செதுக்கியிருக்கார். யாரும் பார்க்கலைன்னு நினைக்கிறேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு மாராயி வீட்டுக்குப் போகவில்லை. ஓடைக்கே போய் நின்றாள். அவள் போய்ச் சேர்வதற்கும், வெற்றி ஊர்வலம் பாட்டு நின்றுபோய் அங்கே வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. முன்னால் கருமந்தி. தோளில் சிற்றம்பலம், காதோடு வாய் வைத்தபடி.

கருமந்தி கல்லைப் பார்த்தார். இரண்டு பெயர்களின் அளவையும் தன் வாலாலேயே அளந்தார்.

"பெயர்த்து எறியுங்கள்," என்றார். "நாளைக்குப் புதுக் கல்."

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் மாலையோடு குணசீலன் வந்து சேர்ந்தார். தலையில் கொம்புகள் இல்லை. கட்டியிருந்த தழும்பு மட்டும் இருந்தது. வாலை நன்றாக நீட்டி, எல்லோர் பார்வையிலும் படும்படி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தாய்வீட்டுக்கு வந்துட்டேன் தலைவரே," என்றார்.

மாராயி நரியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். நரியைச் சேர்த்துக்கொண்டால் கல்லில் இருப்பது துரோகியின் பெயராகாது. கல்லுக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடும். வானம் முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது.

கருமந்தி நரியை மேலும் கீழும் பார்த்தார். "விசுவாசத்தைக் காட்டு. அப்புறம் பார்க்கலாம்."

குணசீலன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மாலையைக் கீழே போட்டார். "விலகுங்கப்பா," என்று தொண்டர்களைத் தள்ளிவிட்டு, தன் பெயர் பொறித்த கல்லுக்குத் தானே தோள் கொடுத்தார். அவ்வளவு ஆவேசமாக அந்தக் கல்லை யாரும் தள்ளியதில்லை. தள்ளும்போது, "ஒழிக குணசீலன்" என்று கோஷமும் போட்டார். கல் சரிந்தது. பழைய ஆட்சிகளின் மேல் ஒவ்வொன்றாக ஏறிப் புரண்டது. சுழலின் நடுவே போய் விழுந்து, ஒருமுறை ஆடி, நிலைத்தது.

எழுத்துகள் மேலே பார்த்தபடி விழுந்தது.

ஊர்வலம் திரும்பிப் போன பிறகு பவளம் இறங்கினாள். முதல் கால் குணசீலன் மேல் விழுந்தது. அடுத்தது காட்டெருமை மேல். அப்புறம் கருமந்தி, மறுபடி காட்டெருமை. வயிற்றைச் சுமந்துகொண்டு, மாண்புமிகுக்களை ஒவ்வொன்றாக மிதித்து, வழுக்காமல் நடந்து வந்தாள். இக்கரையில் மாராயி அவளுடைய கழுத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். முதல் தூறல் விழுந்தது.

"நல்லா செதுக்கியிருக்காங்கம்மா," என்றாள் பவளம். "எழுத்து ஆழமா இருக்கிறதால குளம்பு வழுக்கலை."

மழை நாட்களில் குட்டி பிறந்தது. மழை விட்டதும் அரசுக்கு விஷயம் எட்டியது. முயல்களும் முள்ளம்பன்றிகளும் ஓடையைக் கடக்கின்றன, எப்படி? மறுவாரமே திறப்பு விழா. வாக்குறுதியில் சொன்ன பாலத்தைக் கட்டி முடித்துவிட்டதாகக் கருமந்தி அறிவித்தார். அதில் பாதி தங்கள் ஆட்சியின் கற்கள் என்று காட்டெருமை சேற்றிலிருந்து எழுந்து வந்து மறுத்தார். பொய் என்று சொல்ல முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் உண்மை பேசியது அந்தக் காட்டில் அதுவே முதல் முறை. பாலப் பாதுகாப்பு வாரியத் தலைவராகக் குணசீலன் நியமிக்கப்பட்டார். சிற்றம்பலம் புதுக் கல்லில் தன் பெயரைப் பார்த்துக் கண் கலங்கினார்.

வீரபத்திரன் அந்தப் புதுக் கல்லின் மேல் ஏறிப் படுத்தார். "இனி ஓடையில இடம் இல்லையே மாராயி. அடுத்த தேர்தல்ல இதை எங்கே உருட்டுவாங்க?"

மாராயி குட்டியை நக்கிக்கொண்டே வடக்கே பார்த்தாள். அங்கே, மேய்ச்சல் நிலத்துக்கு முன்னால், இன்னொரு ஓடை சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

"அங்கேயும் ஒரு பாலம் கேட்டு மனு கொடுத்திருக்கேண்ணே," என்றாள்.

நீதி: ஒரே கட்சியை நம்புகிறவர்களுக்குக் கல் கிடைக்கும், எல்லாக் கட்சிகளையும் முறைவைத்துத் தோற்கடிக்கிறவர்களுக்குப் பாலம் கிடைக்கும். மழைக்கு முன் வேண்டுமென்றால், கூடவே நல்ல துரோகி ஒருவரும் தேவை.