லண்டனுக்கு ஒரு சட்டிக் கறி

பக்கீர் ஆக்கிய கோழிக்கறியில் உறைப்பு சரியாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

"இதை வெள்ளைக்காரன் சாப்பிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்" என்றார் குணரத்தினம், இன்னொரு துண்டு பாண் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி.

ஓர்ஸ் ஹில் பகுதியில் இருக்கும் பக்கீரின் சிநேகிதர் குணரத்தினம், வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போகும்வரை அவர்களுடைய கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். அவர்களுக்குச் சாப்பாடு போகிற வழியில் அவருடைய மேசை இருந்தது. அந்தத் தகுதியில், வெள்ளைக்காரனின் நாக்கைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்வார்.

பக்கீர் கலியாண வீடுகளில் சமைப்பவன். கிண்ணியா ஊர்க்காரரான ஸெய்னுதீனோ கப்பலில் கரி அள்ளப் போய், லண்டனில் இறங்கி, மறுபடி ஏற மறந்தவர். இப்போது அங்கே இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இந்தியாவை அவர் கப்பலிலிருந்துகூடப் பார்த்ததில்லை. பலகையில் இந்தியா என்று போட்டால்தான் வெள்ளைக்காரன் உள்ளே வருவானாம்.

ஊருக்கு வந்திருந்தவர், ஒரு கலியாணத்தில் பக்கீரின் கறியைச் சாப்பிட்டார். கடையில் சமைக்க ஆள் தேவை என்றும், வெள்ளிக்கிழமை ஒரு கறி ஆக்கிக்கொண்டு வந்தால் மனைவியும் ருசி பார்ப்பாள் என்றும் சொன்னார். பக்கீர் அன்றைக்கே கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தான். போய்வருகிறேன் என்று தெரு முழுக்கப் பயணமும் சொல்லிவிட்டான். இனிப் போகாவிட்டால் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

"அவர் கேட்டது உங்கட கறியத்தானே? இதையே கொண்டு போங்க" என்றாள் பக்கீரின் மனைவி நஜ்முன் நிஸா.

லண்டன் விஷயம் பெண்களுக்கு விளங்காது என்று பக்கீர் சொல்லிவிட்டான். அவனுக்கும் விளங்காது என்பதை அவள் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்கவென்று ஒரு கோப்பைக் கறியைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, குணரத்தினம் வேலையைத் தொடங்கினார். உறைப்புக் குறையத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கறி ரசமானது. வெள்ளைக்காரனுக்குத் தடிப்பாக இருக்கவேண்டும் என்று கோதுமை மாவைக் கரைத்து விடச் சொன்னார். இப்போது அதைக்கொண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். நிறம் வெளுத்துப் போனதால் புரியாணிக் கலரைக் கொட்டினார்கள். மா வாடை போகச் சீனி போட்டார்கள். அப்போதுதான், வெள்ளைக்காரன் எதற்கும் பழம் சேர்ப்பான் என்பது குணரத்தினத்துக்கு நினைவு வந்தது. அலுமாரியில் இருந்த அன்னாசி ஜாம் போத்தல் காலியானது.

ஒவ்வொரு முறையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்ததில், கோப்பையும் காலியானது.

கரண்டியை முகர்ந்து பார்த்த பூனை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

"கறியா இது, கலியாண வீட்டுச் சாமான் லிஸ்டா?" என்று கேட்டுவிட்டு நஜ்முன் நிஸா குசினியை விட்டு வெளியேறினாள்.

சட்டியோடும் கம்பளிக் கோட்டோடும் பக்கீர் கிண்ணியா போய்ச் சேர்ந்தபோது, வியர்வையில் குளித்திருந்தான். குணரத்தினமும் கூடவே போயிருந்தார். ஸெய்னுதீன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"தம்பி, லண்டனக் கண்ணால காணாம இத எப்படிப் புடிச்ச? எங்கட கடைக் கறி அப்படியே இருக்கு. அந்த நிறம், அந்த இனிப்பு, அந்த மா!"

பக்கீருக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான்.

"நான் சொன்னனான்தானே" என்றார் குணரத்தினம்.

எப்போது கப்பல் என்று பக்கீர் கேட்டான். ஸெய்னுதீன் ஒரு கிண்ணம் கறியை வாசல் திரைக்கு அப்பால் நீட்டினார். அங்கே அவருடைய மனைவி ஸுல்பிகா இருந்தாள். சிறிது நேரத்தில் கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. பின்னால் அவளுடைய குரலும் வந்தது.

"வெள்ளைக்காரனுக்கு இத ஆக்க நாலு பேர் இருக்காங்க; கடையில வேல செய்ற நம்மட ஆக்கள் இத வாயில வைக்காததாலதானே, அவங்களுக்கு ஊர்க்கறி ஆக்க ஆள் தேடி நாம இவ்வளவு தூரம் வந்தது?"